இரண்டு விரல் உயரம்

ஸ்கூட்டரைக் குட்டியானை வண்டியிலிருந்து இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். ஐந்தாமவர் இடது, வலது சொன்னார். ஆறாமவர் "பாத்து, பாத்து" என்பதையே ஒரு தனி உத்தியோகமாக எடுத்துக்கொண்டு முழுச் சம்பளத்துக்கும் உழைத்தார். ஒரு ஸ்கூட்டருக்கு இத்தனை ஆளா என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், அதன் சீட்டைக் காட்டினால் போதும். கல்யாணக் கட்டில் மெத்தையின் பருமன் அது. ஹேண்டிலோ, எருமைக் கிடா எதையோ மோப்பம் பிடித்துத் தலையைத் தூக்கியது போல ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். கள்ளக்குறிச்சியில் அந்த நீல வண்டியை அறியாதவர்கள் நேற்றுப் பிறந்த குழந்தைகள் மட்டும்தான். அவர்களுக்கும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

வண்டி இன்று காலையில்தான் மலையிலிருந்து வந்து சேர்ந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் ஹயாத் பாஷா நேற்றே வந்துவிட்டார். கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார்.

அவர் மனைவி அஸ்ரப் நிஷாவைக் கூடத்தை ஒட்டிய அறையில் ஜன்னலோரமாக உட்கார வைத்திருந்தார்கள். அவளைச் சுற்றிப் பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலின் பாதித் திரைக்கு மேலே தெரு தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் மொத்தப் பேரும் மையத்து வீட்டுக்கு வந்ததை மறந்து ஸ்கூட்டரை வேடிக்கை பார்த்தார்கள். சென்னையிலிருந்து விடிகாலை வந்திருந்த மகன் ஷேக் மைதீன் அதை ஸ்டாண்டு போட முயன்றான். அத்தாவின் வண்டியை அவன் ஒருநாளும் ஓட்டியதில்லை. காலேஜ் போகிற வயதில் அதில் ஏறச் சொன்னால், அன்றைக்கென்று நடப்பது உடம்புக்கு நல்லது என்பான். இப்போது ஹேண்டில் சட்டென்று திரும்பி அவன் நெஞ்சில் இடித்தது. அவன் அதை அப்படியே அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரோ வந்து அவன் கையிலிருந்து வண்டியை வாங்கிச் சுவரில் சாய்த்தார்கள்.

அறைக்குள் நாத்தனார் ரோஷன் பீவி மறுபடியும் ஆரம்பித்தாள். அவள் எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே அவள் அழுதால் உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட தொண்டை. ஆனால் இன்று அவள் அழுகைக்கு நடுவில் ஒரு கணக்கு வந்து வந்து போனது. அண்ணன் மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கிளம்பியதைப் பள்ளிவாசலில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மலையில் பாதி வழி போகக் கொஞ்ச நேரம்தான் ஆகும். உடம்பு முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள் என்றால், உடனே திரும்பியிருந்தால் சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம். வந்து சேர்ந்தது பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால். பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டார்.

"நடுவுல அவ்ளோ நேரம் அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க அண்ணி?"

கேட்டதில் விஷம் எதுவும் இல்லை. கூடப் பிறந்தவள், கேட்கத்தான் செய்வாள். புதிதாக யாராவது துக்கம் விசாரிக்க வரும்போதெல்லாம் அவர்களையும் சாட்சி வைத்துக்கொண்டு கேட்டாள். அஸ்ரப் நிஷா ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டாள். அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். பேச்சு இருந்தது. அந்த நேரத்துக்குப் பதிலும் இருந்தது. அதை வெளியே எடுத்தால் அவளைப் பெற்ற தாயே கூட இதற்கா என்று கேட்பாள்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அந்தச் சீட்டைப் பார்த்தாள்.

ஹயாத் பாஷாவுக்குக் கடைவீதியில் மெத்தைக் கடை. இலவம்பஞ்சு மெத்தை தைப்பதில் அவரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் இல்லை. அவர் தைத்த மெத்தையில் படுத்த ஒரு மாப்பிள்ளை மறுவீட்டுக்கு எழுந்திருக்கவே மூன்று நாள் ஆனது என்று அவர் கடையிலேயே ஒரு கதை உண்டு. அந்தக் கதையை ஊரில் பரப்பியவரும் அவர்தான். பங்குனி, சித்திரையில் கல்வராயன் மலைமேல் காய் வெடிக்கும். வெள்ளிமலைப் பக்கம் போய்ப் பஞ்சு பார்த்து விலை பேசிவிட்டு வருவார். கூடவே நிஷாவையும் ஸ்கூட்டரில் கூட்டிப் போவார். பஞ்சை உள்ளங்கையில் வைத்து ஒரு ஊது ஊதி, இதில் போன வருஷத்துப் பஞ்சு கலந்திருக்கிறது என்று சொல்ல அவளால்தான் முடியும். தராசு ஏமாந்தாலும் அவள் மூச்சு ஏமாறாது.

கல்யாணமான மறு வருஷம் வண்டி வந்தது. அப்போது வீட்டில் மாமியார், மாமனார், கொழுந்தன்கள், ரோஷன் பீவி, மெத்தை தைக்கிற ஆட்கள், அவர்களுக்கு மேல் பஞ்சு மூட்டைகள். வீட்டில் ஆள் இல்லாத இடம் என்றால் கிணற்றின் அடிதான். அதிலும் விழுந்த வாளியை எடுக்க வாரம் ஒருமுறை கொழுந்தன் இறங்கிவிடுவான். புருஷனும் பெண்டாட்டியும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு யாராவது பதில் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து முதல் தடவை மலைக்குப் போனபோது, ஏற்றத்தில் ஒரு நாவல் மரத் திருப்பத்தில் அஸ்ரப் நிஷா கீழே பார்த்துவிட்டாள். கோமுகி அணை, கை தவறி விழுந்த முகம் பார்க்கும் கண்ணாடி போலக் கிடந்தது. அதற்கப்பால் வயல்கள். வெகு தூரத்தில் சின்னசேலம் பக்கம் ஒரு ரயில் எறும்பு போல ஊர்ந்தது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. இருபது வயதில் புருஷனிடம் 'உங்களோடு கொஞ்ச நேரம் இங்கே உட்காரணும்' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாய்க்கு வந்தது வேறு.

"இடுப்பு நோவுதுங்க. கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

நிறுத்தினார். நிறுத்திய வேகத்தில் மண்டி போட்டார், சீட்டின் முன்னால். கட்டைவிரலால் அழுத்தினார். முட்டியால் குத்தினார். காதை வைத்துக் கேட்டார். மெத்தைக்காரன் பெண்டாட்டிக்கு இடுப்பு வலி என்றால் ஊரில் தலை காட்ட முடியுமா என்று முனகிக்கொண்டே சீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அணையையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அந்த வாரமே சீட்டு கழற்றப்பட்டுக் கடைக்குப் போனது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

முதலில் இலவம்பஞ்சு. சுகமாகத்தான் இருந்தது, ஐப்பசி மழை வரும் வரை. ஒரே ஒரு மழையில் கோமுகி அணையில் பாதித் தண்ணீரை அந்தச் சீட்டு குடித்துவிட்டது. மாடியில் காய வைத்தார்கள். கார்த்திகை முழுக்கக் காய்ந்தது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வந்து அதில் அடைகாக்க உட்கார்ந்துகொண்டது. இதைவிடப் பெரிய பாராட்டு எந்த மெத்தைக்கும் கிடைத்ததில்லை என்று ஹயாத் பாஷா குஞ்சு பொரிக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை.

பிறகு டிராக்டர் சீட்டு ஸ்பிரிங். அதை வைத்த மாதம், வேகத்தடை வரும் இடமெல்லாம் அஸ்ரப் நிஷா மேலே போய் வந்தாள். கச்சிராயப்பாளையம் ரோட்டில் எந்த மாடி வீட்டில் என்ன குழம்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அப்புறம் தேங்காய் நார். அப்புறம் ஃபோம். ஃபோமை வெட்டியதில் ஒரு தடவை சீட்டு முன்பக்கமாகச் சரிந்துவிட்டது. பிரேக் போடும்போதெல்லாம் அவள் வழுக்கிக்கொண்டு போய் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அந்த ஒரு கோளாறுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அவர் அதை ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டார்.

சீட்டு தீர்ந்தபோது ஹேண்டில் வந்தது. சினேகிதர் காசிநாதன் சங்கராபுரம் ரோட்டில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருந்தார். முன்னால் ஓட்டுகிறவன் குனிந்து ஓட்டினால் பின்னால் இருக்கிறவர்களின் முதுகும் குனியும், முன்னவன் நிமிர்ந்தால் பின்னால் நிமிரும் என்பது ஹயாத் பாஷாவின் கண்டுபிடிப்பு. காசிநாதன் தண்டில் ஒரு துண்டுக் குழாயை ஒட்டி ஹேண்டிலை உயர்த்தினார். உயர்த்தியதில் கிளட்ச் கேபிள் எட்டவில்லை. கேபிளை நீட்டியதில் ஹாரன் கம்பி எங்கோ போய் மாட்டிக்கொண்டது. இடது பக்கம் திருப்பினால் தானாக ஹாரன் அடிக்கும். இடது பக்கத்துச் சந்துக்காரர்களுக்கு அவர் மேல் அந்த வருஷம் முழுக்கக் கோபம், வலது பக்கத்துக்காரர்களுக்குத் தனி மரியாதை.

அஸ்ரப் நிஷா முயன்று பார்க்காமல் இல்லை. ஒரு தடவை அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் நின்று போனால் நன்றாக இருக்கும் என்றாள். மறுநாளே பின்சீட்டுக்குச் சாய்மானம் வந்தது. இன்னொரு தடவை காற்று நன்றாக வருகிறது என்றாள். காற்று அடிக்காமல் இருக்க முன்னால் கண்ணாடித் தடுப்பு வந்தது. அதற்குப் பிறகு அவள் ஆசைப்படுவதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தாள். ஊரில் யார் கேட்டாலும் அவர் பெருமையாகச் சொல்வார்: வெள்ளிமலை வரைக்கும் ஒரே மூச்சு, நடுவில் எங்கேயும் நிறுத்தத் தேவையே இல்லை, அப்படிச் செய்து வைத்திருக்கிறேன். அவர் சொல்லும்போது அவள் தலையாட்டுவாள். வருஷா வருஷம் நாவல் மரம் வரும். அவள் கழுத்தைத் திருப்பி, அது மறையும்வரை பார்த்துக்கொண்டே போவாள். மரத்தடியில் ரோட்டோரமாக இருந்த குட்டிச்சுவரில் யாராவது உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு முழுக்க அவர்கள் மேல் பொறாமையாக இருக்கும்.

தெருவில் சலசலப்பு கேட்டது. குளிப்பாட்டுவதற்குக் கொல்லையில் தண்ணீர் தயார் என்று யாரோ சொன்னார்கள். ஷேக் மைதீன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உள்ளே போனான். ஆண்கள் எழுந்தார்கள். அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல் வந்து நின்றது. காசிநாதன். நேற்றுப் போட்ட பட்டறைச் சட்டையையே இன்னும் போட்டிருந்தார். பேச வந்தவர் திரைக்கு அந்தப் பக்கம் தரையைப் பார்த்தபடி நின்றார்.

அவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தை மாதத்திலிருந்து ஹயாத் பாஷாவுக்கு இடது கையில் ஒரு குடைச்சல். தோளில் தொடங்கி விரல் வரை மரத்துப் போகும். இடது கை கிளட்ச் பிடிக்கிற கை. வேறு என்ன யோசிக்க இருக்கிறது? ஹேண்டில் தாழ்ந்திருக்கிறது என்று முடிவானது. காசிநாதன் தன் இரண்டு விரலை வைத்து அளந்து அந்த அளவுக்குத் தூக்கினார். காசிநாதனின் இரண்டு விரல் மற்றவர்களுக்கு நான்கு விரல். ஒரு வாரம் தேவலை என்றார் ஹயாத் பாஷா. பிறகு வலி தோளுக்கு ஏறியது. தூக்கியது ஜாஸ்தி என்று ஒரு விரல் இறக்கினார்கள். அப்புறம் தாடை இழுக்கிறது என்றார். கண்ணாடித் தடுப்பில் பட்டு வருகிற காற்றுதான் காரணம் என்று இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து கண்டுபிடித்து, தடுப்பைச் சாய்த்து வைத்தார்கள். ஊரில் இரண்டு பெரிய டாக்டர்கள் கூடி ஆபரேஷன் செய்வது போல, ஒவ்வொரு ஞாயிறும் பட்டறையில் அந்த வண்டிக்கு வைத்தியம் நடந்தது. ஸ்பானரை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று இவளும் ஒருநாள் போயிருந்தாள்.

"கை நோவுது, கை நோவுதுன்னாரு பாயம்மா." காசிநாதனின் குரல் பட்டறையில் கேட்கிற குரல் இல்லை. "நான் ஹேண்டிலையே பாத்துக்கினு இருந்துட்டேன். கைய பாக்கல. டாக்டராண்ட போ பாய்னு சொல்ல எனக்குத் தோணவே இல்ல."

அவருக்குப் பின்னால் ஸ்கூட்டர் சாய்ந்து நின்றது. வெயில் ஏறி அதன் ரெக்சின் உறை மினுங்கியது.

"போன வாரம் வெச்சது நல்லா இருந்துச்சுண்ணே," என்றாள் அஸ்ரப் நிஷா. "கையே நோவல, காசி கைராசிக்காரன்னு மலையேறும்போதுகூடச் சொன்னாரு."

காசிநாதன் நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த அழுக்குத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார்.

உண்மையில் அவள் புருஷன் அப்படிச் சொல்லவில்லை. மலையேறும்போது ஹயாத் பாஷா ஒன்றுமே பேசவில்லை. அதுவே அதிசயம். கச்சிராயப்பாளையம் தாண்டினால் போதும், சீட்டு எப்படி இருக்கிறது, இந்தப் பள்ளத்தில் தூக்கிப் போட்டதா, போன வருஷம் இந்த இடத்தில் எப்படி இருந்தது என்று முன்னால் பார்த்தபடி கத்திக்கொண்டே போவார். காற்றில் பாதி அவளுக்கு வந்து சேரும், பாதி பின்னால் வருகிற பஸ்காரனுக்குப் போகும். நேற்று அவர் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டி ஈரமாக இருந்தது. பங்குனி வெயிலுக்கு யார் சட்டைதான் நனையாது.

நாவல் மரம் வந்தது. அவள் வழக்கம்போலக் கழுத்தைத் திருப்பத் தயாரானாள். வண்டியின் வேகம் குறைந்தது. ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

"கை மரத்துப் போச்சு நிஷா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

அவளுக்குக் காலைக் கீழே வைக்கவே ஒரு நொடி பிடித்தது. காதில் விழுந்தது தப்போ, இறங்கினால் மறுபடி கிளம்பிவிடுவாரோ என்று இருந்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு நேராகப் போய்க் குட்டிச்சுவரில் உட்கார்ந்தார். ஹேண்டிலைத் தொட்டுப் பார்க்கவில்லை. சீட்டின் முன்னால் மண்டி போடவில்லை. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது இன்னா, நம்ம டேமா?" என்றார்.

முப்பது வருஷம் இந்த வழியாகப் போய் வந்த மனுஷன் கேட்கிற கேள்வி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது டேம், இது வாய்க்கால், அந்த வெள்ளையாகத் தெரிவது கச்சிராயப்பாளையத்துப் பள்ளிக்கூடம் என்று சொந்த நிலத்தைக் காட்டுகிறவள் போல ஒவ்வொன்றாகக் காட்டினாள். அதோடு நின்றாளா என்றால் இல்லை. உட்கார்ந்ததும் அணை உடைந்தது போலப் பேச்சு வந்தது. மைதீன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சொன்னது, மாமியார் சாகும் முன் இவள் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்ட மன்னிப்பு, கடை மொத்த வியாபாரத்தில் நொடித்த வருஷம் இவள் யாருக்கும் தெரியாமல் கோரிமேட்டு தர்காவுக்கு நேர்ந்துகொண்டது. எதற்கும் அவர் நடுவில் குறுக்கிடவில்லை. மடியில் இடது கையை வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டு கேட்டார். இவ்வளவு நன்றாகக் கேட்கத் தெரிந்த ஆளா இவர் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இடுப்பு எப்டி இருக்கு?" என்றார் நடுவில்.

"நோவல."

"இந்த ஃபோம் பரவால்லதான் அப்ப."

"எப்பவுமே நோவலங்க." அவள் அணையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மொத மொத இங்க நின்னோமே, அப்பவும் நோவல. உங்களாண்ட கொஞ்ச நேரம் உக்காரணும்னு இருந்துச்சு. அத எப்டிச் சொல்றதுன்னு தெரியாம இடுப்புன்னு சொல்லிட்டேன்."

ஹயாத் பாஷா திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்தார். சாய்மானம், கண்ணாடித் தடுப்பு, உயர்ந்த ஹேண்டில், மெத்தைச் சீட்டு எல்லாவற்றையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமே இல்லாமல் தோள் குலுங்கியது. மூச்சு வாங்கியது. கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காசிக்கு மட்டும் சொல்லிடாத," என்றார். "செத்துப் போயிடுவான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கிளம்பலாமா, வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டார். பஞ்சு பார்க்கப் போகாமல் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பலாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. எழுந்தால் இந்த இடம் போய்விடும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரங்க. வெயில் எறங்கட்டும்."

"செரி" என்றார்.

அதன்பிறகு அவர் மெதுவாக நகர்ந்து அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பட்டப்பகலில், பஸ் போகிற ரோட்டில். அவள் கூச்சத்தில் முந்தானையை இழுத்து இரண்டு பேருக்குமாகப் போர்த்திக்கொண்டாள். இரண்டு வண்டிகள் அவர்களைத் தாண்டிப் போயின. போகட்டும் என்று இருந்தாள். நாவல் மரத்து நிழல் ஸ்கூட்டரை விட்டு நகர்ந்து அவர்கள் காலடிக்கு வந்தது. தோள் கனத்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து, அவர் தூக்கம் கலையாமல் இருக்க அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூச்சில் ஒரு இழுப்பு கேட்ட பிறகுதான் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப்பை நடு ரோட்டில் நின்று மறித்தாள். மலைக்காரப் பெண்கள் இறங்கி மூட்டைகளைத் தள்ளி இடம் செய்து கொடுத்தார்கள்.

கூடத்தில் அத்தரும் கற்பூரமும் மணத்தன. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து சந்தூக்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆண்கள் வெளியே ஒதுங்க, பெண்கள் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தார்கள். இதற்கப்புறம் அவளுக்கு இத்தாக் காலம். வாசற்படி தாண்டுவது கிடையாது. கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போகிற வழக்கமும் இங்கே இல்லை. அவர் போகிற இடத்துக்கு அவள் பின்னால் உட்கார்ந்து போகாதது இதுதான் முதல் தடவை.

ரோஷன் பீவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவில் மறுபடியும் அந்தக் கேள்வி வந்தது. இந்தத் தடவை யாரையும் சாட்சிக்கு வைத்துக்கொள்ளாமல், மெதுவாக, காதோடு.

"அவ்ளோ நேரம் இன்னாதான் அண்ணி பண்ணிங்க?"

"உக்காந்துக்கினு இருந்தோம்," என்றாள் அஸ்ரப் நிஷா.

ரோஷன் பீவி அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. சத்தமாக அழவும் இல்லை. அண்ணியின் தலையிலிருந்து நழுவிய வெள்ளைத் துணியை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

ஷேக் மைதீன் வாசலில் வந்து நின்றான். பள்ளிவாசல் மோதினார் தூக்கலாமா என்று கேட்கிறார் என்றான். கண்கள் சிவந்திருந்தன. குளிப்பாட்டிய கைகள் இன்னும் காயவில்லை.

"உனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும்னா சொல்லும்மா. நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

அஸ்ரப் நிஷா குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள். மூக்கின் மேல் ஒரு துளி தண்ணீர் நின்றிருந்தது. விரலால் ஒற்றி எடுத்தாள்.

"வேணாம்பா. தூக்கச் சொல்லு."

முகத்தை மூடினார்கள். கலிமா எழுந்தது. தோள் மாற்றித் தோள், சந்தூக் வாசலைத் தாண்டி, சாய்ந்து நின்ற ஸ்கூட்டரைத் தாண்டித் தெருவில் இறங்கியது. காசிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து அதன் ஒரு காலுக்குத் தோள் கொடுத்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெரு முனையில் வெள்ளைத் தொப்பிகள் திரும்பின. அதற்கு மேல் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான்.

முனையைத் தாண்டினால் சங்கராபுரம் ரோடு. கரும்பு வெட்டு முடிகிற காலம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு போய்க்கொண்டே இருக்கும். டிராக்டர்களின் தடதடப்பும் பஸ்களின் ஹாரனும் காலையிலிருந்து ஓயவில்லை. கலிமாச் சத்தம் அங்கே போய்ச் சேர்ந்தபோது, மையத்துக்கு வழிவிட்டு அவை ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியாக ஒரு டிராக்டரின் எஞ்சினும் அணைந்தது. ரோடு மொத்தமும் நின்றது. கலிமா மட்டும் அந்த அமைதிக்குள் சீராகப் போய், பள்ளிவாசல் பக்கம் தேய்ந்தது.

அறையில் பெண்கள் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். அஸ்ரப் நிஷா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. யாரோ டிராக்டரைக் கிளப்பினார்கள். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை பிடித்தது. பாரம் ஏற்றிய டிரெய்லர் முனகிக்கொண்டு நகரத் தொடங்கியது.